ஐந்தாம் மாடி மிருகசாட்சி

வாசகரே, மனிதர்களில் இப்படி ஒரு வகை உண்டு. நீங்கள் தும்மினால் திமிங்கிலம் மூச்சு விடும் விதத்தைச் சொல்வார். கால் வலிக்கிறது என்றால் குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பார். யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் ஒரு மிருகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கஷ்டப்படுகிறவரையே குற்றவாளியாக்கி அனுப்பிவைக்கும் இந்த இனத்துக்கு மிருகசாட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் அந்த அலுவலகத்தை இழுத்து மூடிவிடுவது உத்தமம்.

நாம் பார்க்கப்போகிறவர் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் பிரிவு அதிகாரி. பல் வைத்தியரின் வரவேற்பறையில் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில், எந்தெந்த உயிரின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எப்படிச் சுமக்கிறது என்ற கட்டுரையைப் படித்தார். அன்று பிடித்தது சனி. கட்டுரையின் கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். மனிதர்களைப் பற்றி எழுதியிருந்தது அந்தப் பக்கத்தில்தான்.

அதன்பின் பிரிவில் யாருக்கும் சுயமாக ஒரு குணம் இல்லை. துறுதுறுவென்று ஓடும் கணக்கருக்கு எலி ரத்தம். ஆக்சிஜனைச் சட்டென்று உடம்புக்குக் கொடுத்துவிடும். கோப்பைக் கேட்டால் தராத பதிவறைக்காரருக்கு யானை ரத்தம்; பிடித்ததை லேசில் விடாது. விடுப்புக் கேட்டவர்களெல்லாம் பதிலுக்கு ஒரு மிருகத்தைப் பெற்றுக்கொண்டு, விடை தெரியாத மாணவர்களைப்போல் விழித்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தானா லிஃப்ட் பழுதாக வேண்டும்? பழுதாகி மூன்று வாரம். ஆறு மாதக் கர்ப்பிணியான தட்டச்சுக்காரிக்கு ஐந்து மாடி ஏறுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாடி ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லிஃப்ட் ஓடும்வரை தரைத்தளத்தில் இடம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி, மருத்துவச் சான்றிதழை இணைத்து நீட்டினாள். பாவம், சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம். 'ஹீமோகுளோபின் குறைவு.' பசித்தவன் முன்னால் இலையைப் போட்டதுபோல ஆயிற்று.

அதிகாரி பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"லாமான்னு ஒரு பிராணி தெரியுமாம்மா?"

அவள் நின்றபடியே தெரிந்துகொண்டாள். மலை உச்சியில், காற்று குறைவான இடத்தில் அது வாழ்கிறது. அதன் ஹீமோகுளோபின் கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அது எந்த அலுவலகத்திலாவது விண்ணப்பம் கொடுத்திருக்கிறதா? இல்லை.

மறுநாள் பனிமீன் வந்தது. உறைகடலில் வாழும் அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபினே கிடையாது, நிறமும் கிடையாது. அதுவே நீந்துகிறது என்றார். தண்ணிக்குள்ள படிக்கட்டு இருக்கா சார் என்று அவள் கேட்டதற்கு, பேச்சை மாற்றக்கூடாது என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் அவர் குரல் கனிந்திருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினுக்குத் தாயுடையதைவிடப் பிடிமானம் அதிகம். அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கவலை வேண்டாம் என்றார்.

"குழந்தை எடுத்துக்குது சார். எனக்குத்தான் மிச்சமில்ல."

வெளியே வந்தவளுக்கு உதவியாளர் அக்கா தண்ணீர் கொடுத்தாள். "இவரு காட்டுல இருக்கறதையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள உனக்குப் பிரசவமே ஆயிடும்டி" என்றாள்.

நான்காம் நாள் காலை தட்டச்சுக்காரி மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இனி ஒரு படிகூட முடியாது என்று அக்காவிடம் சொல்லியனுப்பினாள். அதிகாரி இறங்கி வந்தார். பதறியா? ஒரு வாத்தோடு. பனிமலைகளுக்கு மேலே பறக்கும் வரித்தலை வாத்தின் ரத்தம் எப்பேர்ப்பட்டது என்று தொடங்கியவர், சும்மா சொன்னால் இந்தப் பெண்ணுக்குப் புரியாது என்று செய்தே காட்ட முடிவுசெய்தார். கைகளைச் சிறகுபோல் வைத்துக்கொண்டு பேசியபடியே நான்காம் மாடிக்கு ஏறினார். அவள் பின்னால் வரவில்லை என்று கண்டு, விட்ட வாக்கியத்தைத் தொடர இறங்கி வந்தார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். கணக்கரும் பதிவறைக்காரரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஐந்தாவது தடவை இறங்கியபோது, "அந்த வாத்து என்ன பண்ணும்னா" என்று வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. முகம் கத்தரிக்காய் நிறமானது. இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் விழுங்கினார்.

அவர் வேலைக்கு வந்த பதினாறு வருடத்தில் அந்தக் கட்டடம் கேட்ட முதல் அமைதி அது.

தட்டச்சுக்காரி கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துச் சுவரில் விரித்துப் பிடித்தாள். அக்கா பேனாவை அவர் விரல்களுக்கு நடுவே செருகினாள்.

"எதுவும் பேச வேணாம் சார். இங்க ஒண்ணு, தேதி ஒண்ணு."

மறுப்பதற்கு மூச்சு வேண்டும். கையெழுத்துக்கு வேண்டாம். போட்டுவிட்டார். மதியத்துக்குள் கணக்கரும் பதிவறைக்காரரும் அவள் மேஜையைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள். இத்தனை பிராணிகளைச் சொல்லிவிட்டு, தண்ணீருக்கடியில் மூச்சடக்கும் முதலையை மட்டும் விட்டுவிட்டார்களே என்று நடுவில் எங்காவது உங்கள் மனம் நெளிந்ததா? திருத்திக் கடிதம் எழுதத் தாள் தேடினீர்களா? தேடுங்கள், தவறில்லை. அதற்கு முன், உங்கள் பக்கத்தில் யாராவது ரொம்ப நேரமாக உங்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிறார்களா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.