மீனுக்குப் பிரசவம் பார்ப்பவர்

இந்த ஜாதி மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி வரிசையானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "உங்க வீட்டுத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். சும்மா மீன் வளர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாவம், சாதுக்கள். இவர் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிறவர். ஆறும் குளமும் தோன்றிய நாளிலிருந்து மீன்கள் தாமாகவே செய்துவரும் காரியத்துக்குத் தன்னை மேற்பார்வையாளராக நியமித்துக்கொண்டவர்.

எனக்குத் தெரிந்த ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. அரை விரல் நீளத்தில், நீலக்கோடும் சிவப்புக்கோடும் போட்ட நியான் டெட்ரா என்ற மீனில் ஒரு ஜோடி வாங்கினார். அதன் முட்டைக்கு வெளிச்சமே ஆகாது என்று ஒரு புத்தகத்தில் படித்தாரோ இல்லையோ, தொட்டியைத் தூக்கி மகளின் படிப்பு மேசைமேல் வைத்து, சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, அறையின் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீரின் நிறம் கறுக்க வாதாம் சருகை அதில் ஊறவிட்டு, வீட்டார் எல்லாரும் நுனிக்காலில் நடக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டார். மகளுக்கோ ஆறு வாரத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை.

"அவ எங்கங்க படிப்பா?" என்றாள் மனைவி.

"படிக்கிற பிள்ளைக்கு இடமா முக்கியம்? மீனுக்குத்தான் சூழ்நிலை முக்கியம்."

மகள் கணக்குப் புத்தகத்தோடு சமையலறைத் தரைக்குக் குடிபெயர்ந்தாள். போவதற்கு முன் தொட்டியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, பொட்டை மீனுக்கு வயிறு உப்பி, நீலக்கோடு வளைஞ்சிருக்கும்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. இதுல ரெண்டுக்கும் கோடு நேராத்தானே இருக்கு?"

"எனக்கே பாடமா? போய்ப் படி."

"எங்கப்பா?"

அவர் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த ஆறு வாரமும் அலுவலகத்தில் ஒருவரையும் விடவில்லை. "இன்னைக்கு ஆண் துரத்துது", "இன்னைக்கு ரெண்டும் ஒண்ணா மூலைக்குப் போச்சு" என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக அறிக்கை விட்டார். பொறுக்கமாட்டாமல் ஏழாவது வாரம் மீன்கடைக்காரரையே வீட்டுக்கு அழைத்து வந்தார். கடைக்காரர் துணியை விலக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"சார், ரெண்டும் ஆம்பளைங்க."

மனிதர் வெட்கப்பட்டாரா என்று கேட்கிறீர்களா? "அடுத்த ஜோடியைப் பார்த்து எடுக்கணும்" என்றார், அவ்வளவுதான். மேசையும் காலியாகவில்லை. பரீட்சை முடிவு வந்தது. பெண் கணக்கில் தோற்றிருந்தாள். அன்று நான் அங்கே இருந்தேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு பிள்ளை. அதை ஒழுங்கா வளர்க்கத் தெரியல உனக்கு!" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய் மீனுக்குத் தீனி போட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தொட்டியே கிடையாது என்கிறீர்கள். ரொம்பச் சரி. உங்களுக்குத் தோட்டமா, கேமராவா, சங்கத் தேர்தலா என்று நான் துருவப் போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள்: உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாடம் வராது?

என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். எதற்கு மனைவியைப் பார்க்கிறீர்கள்?