அட்டை முதல் அட்டை வரை

நூலகர் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அடியில் மேசைதான் இருந்தது.

கதைகள் வந்த உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். ஒரு கிளிப் விழுந்தது. நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார். போன மாதம் தொலைந்த மூக்குக் கண்ணாடி கிடைத்தது. ஐந்தாவது கதை கிடைக்கவில்லை.

ஒரு பதிப்பகம் நடத்திய காதல் குறுநாவல் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்த தொகுப்பு அது. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நடக்கும் ஐந்து காதல்கள். ஒரு கதையில் ஓரமாகப் போகிறவர் அடுத்த கதையில் நாயகனாகிவிடுவார். நாலு கதையிலும் ஓரமாகவே நின்றுவிட்ட இருவர் மட்டும் பாக்கி. ஒருவன் லிப்ட் மெக்கானிக். லிப்ட் அடிக்கடி நின்றுவிடும். அவன் வந்து கதவிடுக்கில் கிடக்கும் தீக்குச்சியைத் தட்டிவிட்டு ஓட வைப்பான். இன்னொருத்தி ஏழாவது மாடிப் பெண். லிப்ட் ஓடினாலும் படியேறித்தான் போவாள். போகிற வழியில் ஒரு நிமிடம் நின்று அவன் வேலை செய்வதைப் பார்ப்பாள், பேச மாட்டாள். பொருளடக்கத்தில் ஐந்தாவது கதையின் பெயர் 'ஏழாவது மாடி'. நூலகருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"ஆபீசுக்குப் போன் போட்டு, அஞ்சாவது வரலைன்னு சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றது? 'ஐந்து கதைகளும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்'னு மூணு வாரத்துக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே."

"பார்க்காமலா போட்டீங்க?"

"தடிமனாத்தான் இருந்துச்சு."

முப்பது வருடமாக அவருக்கு 'அட்டை முதல் அட்டை வரை' என்றுதான் பட்டப்பெயர். எந்தப் புத்தகத்தையும் ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாராம். அதை நம்பித்தான் முதல்முறையாக நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு கதை முழுவதும் இல்லை என்பதையே மூன்று வாரம் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பெயர் காற்றில் போய்விடும். அதைவிடப் பெரிய வேதனை, அந்தப் பெண் பேசினாளா இல்லையா என்று தெரியாதது.

மற்ற நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர் அம்மா, இன்னொருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பேச்சுவாக்கில் முடிவைக் கறந்துவிடலாம் என்று, பல்வலி என்று பொய் சொல்லி டாக்டரிடம் போனார்.

"எந்தப் பல்லு சார்?"

கைக்கு வந்த பல்லைக் காட்டினார். "அதை விடுங்க டாக்டர். அந்த அஞ்சாவது கதை எப்படி?"

டாக்டரின் கை சற்று நின்றது. "நீங்க முதல்ல சொல்லுங்க சார். உங்களை மாதிரி யாரு படிக்கிறாங்க?"

மாட்டிக்கொண்டார். லிப்ட் மெக்கானிக் கதையில் லிப்ட் நிற்காமலா இருக்கும் என்று துணிந்து, "லிப்டு நடுவுல நிக்கிற இடம்..." என்று இழுத்தார்.

"ஐயோ, அந்த இடம்!" டாக்டரின் முகம் மலர்ந்தது. "அதுவும் கரண்டு போய், அவனே உள்ள மாட்டிக்கிட்டு! வாயை நல்லாத் திறங்க."

மெக்கானிக்கே மாட்டிக்கொள்கிறானா! அப்போது அவள் எங்கே இருக்கிறாள்? கேட்பதற்குள் வாயில் பஞ்சு வந்துவிட்டது. காட்டிய பல் நன்றாகத்தான் இருக்கிறதாம். பக்கத்துப் பல்லைத்தான் பிடுங்கியே ஆக வேண்டுமாம். ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு அரைக் கதையோடு வீடு திரும்பினார்.

மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். அவளும் நாலு கதையையும் படித்து முடித்திருந்தாள்.

"முடிவு தெரிஞ்சுதா?"

"லிப்டுல மாட்டிக்கிறான்."

"அப்புறம்?"

"அப்புறம் பஞ்சு."

வீங்கிய கன்னத்தோடு நீதிபதிக்குப் போன் செய்தார். "ஐயா, அந்தக் கரண்டு போற இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "எனக்கு அங்க வரலை," என்றார் நீதிபதி. "மூடின கதவுக்கு வெளிய நின்னு அந்தப் பொண்ணு முதல் தடவையாப் பேசுறா பாருங்க, அங்கதான் வந்துச்சு."

"பேசிட்டாளா!" நூலகர் கத்தியே விட்டார்.

"ஏன், நீங்க படிக்கலையா?"

"படிச்சேன் ஐயா, படிச்சேன். பேசிட்டாளேன்னு ஒரு சந்தோஷம்..."

"அவ என்ன பேசினாங்கிறதை நாளைக்கு நடுவர் கூட்டத்துல உங்க வாயால கேக்கணும். விளக்கமாச் சொல்லணும்," என்று வைத்துவிட்டார் நீதிபதி.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். நாளைக்கு ஜுரம் என்று சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். "போய்ட்டு வாங்க, அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்று மனைவி சட்டையை எடுத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் பதிப்பகத்தில் நாலு கதைகளைப் பற்றி மூன்று நடுவர்களும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். அலுவலகப் பெண் கை வலிக்கக் குறிப்பெடுத்தாள். ஐந்தாவது என்றதும் டாக்டரும் நீதிபதியும் நூலகர் பக்கம் திரும்பினார்கள்.

"சார் சொல்லட்டும்," என்றார் டாக்டர்.

"ஆமா, அவர்தான் ஒரு பக்கம் விடாதவர்," என்றார் நீதிபதி.

முப்பது வருடப் பெயர் இன்றோடு போச்சு என்று நூலகர் நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நாலு கதைகளையும் மனசுக்குள் ஒருதரம் புரட்டினார். அந்தத் தீக்குச்சி தட்டுப்பட்டது.

"அவ கதவுக்கு வெளிய நின்னு சொல்றா," என்று மெதுவாக ஆரம்பித்தார். "'ஒவ்வொரு தடவையும் அந்தத் தீக்குச்சிய வச்சது நான்தாங்க. லிப்டு கெட்டாத்தானே நீங்க வருவீங்க. படியில போனாத்தானே நின்னு பார்க்க முடியும். இன்னிக்கு நான் ஒண்ணும் பண்ணலை, கரண்டு தானாப் போயிடுச்சு. நீங்க வெளிய வர்றதுக்குள்ள இதைச் சொல்லிடணும்'னு..."

டாக்டர் கைக்குட்டையைத் தேடினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதேதான்," என்றார் டாக்டர்.

"வார்த்தை மாறாம அப்படியேதான்," என்றார் நீதிபதி.

அப்படியேதானா? நூலகருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதல் பரிசு அந்தத் தொகுப்புக்கே என்று ஏகமனதாக முடிவாயிற்று. அலுவலகப் பெண் எழுதியவருக்குப் போன் செய்து நடுவர்களின் பாராட்டைப் படித்துக்காட்டப் பக்கத்து அறைக்குப் போனாள். அந்தக் கதையை எப்படியாவது அவளிடம் கேட்டு வாங்கி இன்றைக்கே படித்துவிட வேண்டும் என்று நூலகர் தவித்தார்.

அவளே போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், கதை எழுதின அம்மா ஒரே அழுகை. அஞ்சாவது கதையில தலைப்பைத் தாண்டி ஒரு வரிகூட எழுத வராம, நாலை மட்டும்தான் அனுப்பினாங்களாம். நீங்க சொன்ன தீக்குச்சிய எழுதிக்கலாமான்னு உங்க மூணு பேரையும் கேக்கச் சொல்றாங்க."