பல்லுக்காரரும் பெசன்ட் நகர் குதிரையும்

எங்கள் ஊரில் யாருக்கு என்ன வயது என்பது இரண்டு பேருக்குத்தான் சரியாகத் தெரியும். ஒருவர் ஆண்டவர். இன்னொருவர் பல்லுக்காரர்.

காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர் அவர். மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயது சொல்வார். அதை மாட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர்கள் சிரித்தாலும் அவர் கண் நேராக வாய்க்குத்தான் போகும். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "பொண்ணுக்கு இருவத்திரெண்டுன்னு சொன்னீங்க, இருவத்தாறு இருக்கும் போலிருக்குதுங்களே" என்று சொல்லி, காபி வருவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்ப வைத்தவர். என் மாமியார் அவரைத் தெருவில் கண்டாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பல்லுக்காரர் அதை மரியாதை என்றே கடைசிவரை நம்பினார்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் பங்குக் கோயிலிலிருந்து முப்பது பேர் பஸ் பிடித்து மெட்ராஸுக்கு, பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குக் கிளம்பினோம். முந்தின வருஷம் என் மகள் ஸ்டெல்லா மஞ்சள் காமாலையில் கிடந்து, டாக்டரே கைவிரித்த பிறகு, மாதாவை வேண்டிப் பிழைத்தாள். ஐந்து வயது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் நன்றி சொல்ல வேண்டும். அதற்குத்தான் நானும் என் மனைவி மேரியும் போனோம்.

ஆட்களை மேய்க்கும் பொறுப்பு பல்லுக்காரருக்கு. அவர் எங்கள் வேதம் இல்லை, நெற்றி நிறைய விபூதி. ஆனால் நூறு மாட்டை ஓட்டி வந்தாலும் ஒன்றைத் தொலைக்காதவர் என்று பெயர். கிளம்பும்போதே ஒரு டப்பாவில் காவியைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். சந்தையில் வாங்கின மாட்டுக்கு வைப்பதுபோல ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கை அப்பினார். நல்லவேளை, பங்குசாமியார் வரவில்லை.

"ஐயோ, பாப்பா புது கவுனுங்கண்ணா. அவளுக்கு வேணாம்" என்று மேரி தடுத்தாள்.

"அடையாளம் இல்லாத கன்னு, ஆத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அப்போதே ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை கண்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தால், அது ஊரா, திருவிழாவா என்று தெரியவில்லை. சங்கு மாலைக் கடை, பஜ்ஜிக் கடை, பலூன்காரன், கார், ஸ்கூட்டர். எங்கள் ஊர்ச் சந்தை வாரத்துக்கு ஒரு நாள். இங்கே தினமும் சந்தை போலிருந்தது. நான் ஸ்டெல்லாவின் கையை இறுக்கிப் பிடித்தே நடந்தேன். "அப்பா, கை வலிக்குது" என்றாள். விடவில்லை.

கடற்கரையில் எல்லோரும் கடலைப் பார்த்து வாயைப் பிளந்தோம். பல்லுக்காரர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, சவாரிக் குதிரை ஒன்று வந்தது.

குதிரையைக் கண்டதும் மனிதருக்கு எண்ணிக்கை மறந்துபோனது. நேராகப் போய் அதன் வாயைப் பிளந்தார்.

"ஏனுங்க, இதுக்குப் பதினஞ்சு வயசு ஆச்சுதுங்களே. இதும்மேல ஆள ஏத்துறீங்க?"

குதிரைக்காரன் மிரண்டுவிட்டான். "யோவ், நான் இன்னா அத்த விக்கவா வந்தேன்? ஒரு ரவுண்டுக்கு ஒரு ரூபா, அவ்ளோதான். வாயிலேர்ந்து கைய எடுய்யா."

"பின்பல்லு தேஞ்சிருக்குது பாருங்க. கொள்ளு ஊற வெச்சுக் குடுங்க."

"எனக்கே சோத்துக்கு வழியில்ல, இதுக்குக் கொள்ளு ஊற வெக்கணுமாம்."

கூட்டம் கூடியது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்துக் குனிந்து பார்த்தால், என் கையில் ஸ்டெல்லாவின் கை இல்லை.

மேரி அலைகளைப் பார்த்து ஓடினாள். எங்கள் ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள். "மாதாவே, நீ கொடுத்த பிள்ளை, நீ கொடுத்த பிள்ளை" என்பதற்கு மேல் எனக்கு ஜெபமே வரவில்லை. பல்லுக்காரரைக் கண்டதும் அவர் சட்டையைப் பிடித்தேன். "உன்னாலதான்யா" என்றேன். அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை.

அவர் முகம் சாம்பலாகியிருந்தது. "கன்னு தண்ணிப்பக்கம் போயிருக்காது, சூசை. இந்த எரச்சலுக்குப் பயந்து பின்னாலதான் போயிருக்கும். கடைசியா எங்க, என்ன தீனி வாயில வெச்சுது?"

"கோயிலாண்ட. வெள்ளரிக்கா."

அதற்கு மேல் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினார். அறுபதுக்குக் கிட்டத்தட்ட வயது. என்னால் பின்தொடர முடியவில்லை.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளரிக்காய்க் கடை முன்னால் ஒரே கூச்சல். நாலு பேர் பல்லுக்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அறைந்தும் விட்டான். கடைக்கார அம்மா கத்தினாள்: "புள்ள புடிக்கிறவன்யா. கொயந்த வாயத் தொறந்து பல்ல எண்றான்யா."

அவர் கையைத் தூக்கவில்லை. சட்டைப் பை கிழிந்து தொங்கியது. ஒரு கையால் ஸ்டெல்லாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"நல்லா அடிங்க சாமி. அப்பன் வந்துட்டிருக்கான். அவங்கையில குடுக்காம இந்தக் கைய விடமாட்டேன்."

நான் கூட்டத்தைப் பிளந்து போனேன். ஸ்டெல்லா வெள்ளரித் துண்டைக் கடித்தபடி என்னைப் பார்த்து, "அப்பா, மாமாவ ஏன் அடிக்கிறாங்க?" என்றாள். அவர் அவளுடைய கையை என் கைக்குள் வைத்து, என் விரல்களையும் தாமே மடக்கிவிட்டார். "ஒரு பல்லு ஆடுது. கவனமாப் பாத்துக்க" என்றார். அப்புறம்தான் கால் மடங்கி நடைபாதையில் உட்கார்ந்தார். உள்ளங்காலில் கொப்புளம்.

திரும்பும்போது பஸ்ஸில் மேரி ஊசிநூல் கேட்டு வாங்கி, அந்தச் சட்டைப் பையைத் தைத்துக் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடு சூசை, சந்தையில வாங்காத ஒதையா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மாலை ஜெபத்தில் எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிவருவோம். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை என்பது அவரையும் சேர்த்துச் சொல்ல அங்கே முழங்காலில் இருக்கும்போதுதான் உறைத்தது. அதனால் 'பல்லுக்காரர்' என்றே சொல்கிறேன். மாதாவுக்கு ஆள் தெரியும்.