அடிதடி, கெட்ட வார்த்தை

"உங்கள் மகள் இன்றும் தகாத காணொளி பார்த்தார். வகை: அடிதடி, கெட்ட வார்த்தை."

நேரலை விற்பனையை முடித்துக் கைபேசியைப் பார்த்த தோக்மனின் கையிலிருந்து மரச்சுத்தி நழுவியது. தொடர்ந்து மூன்றாவது நாள். பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருக்கும் பத்து வயது யேசுல் எதைப் பார்த்துக் கெட்டுப்போகிறாளோ!

அதை அவள் கைபேசியில் போட்டிருக்கும் காவல் செயலி சொல்லாது. விவரம் சொல்வது காசு கட்டுகிற செயலி. பூசான் சந்தையில் கருவாடு விற்கும் தோக்மன் கைபேசிக் கடையில் அரைமணி நேரம் பேரம் பேசி, இலவசத்தை வெற்றியோடு வாங்கி வந்தவர்.

பக்கத்துக் கடற்பாசிக் கடை ஓக்சுன் அக்காவிடம் புலம்பினார்.

"பூட்ட இறுக்கு, யேசுல் அப்பா. ஓட்டைய அடைச்சாத்தான் எலி நிக்கும்."

செயலியின் பூட்டை இறுக்கினார். மறுநாள் எச்சரிக்கை வரவில்லை. கூடவே முயல்வாலும் வரவில்லை.

முயல்வால் என்பது அவர் நேரலைக்குத் தினமும் வரும் ஒரு ரசிகரின் பெயர். ஒரு மீன்கூட வாங்கியதில்லை. ஆனால் இதயக்குறிகளை மழையாகப் பொழிவார். மற்ற ஆறு பேரும் அந்த மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் போலும், அவர்களும் கலைந்துவிட்டார்கள்.

"கூட்டமில்லாத கடைக்கு ஈகூட வராதே," என்றாள் அக்கா.

தோக்மன் குரலை ஏற்றினார். வழக்கம்போலக் காய்ந்த மீனைச் சுத்தியால் நாராக அடித்தபடி, அதன் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுத்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மாலையில் ஆசிரியை அழைத்தார். "யேசுல் வீட்டுப்பாடம் அனுப்பலைங்க. அவ கைபேசில பள்ளிக்கூடத்து இணையப் பக்கமே திறக்கலையாம்."

பூட்டு அவ்வளவு இறுக்கம். சாப்பாட்டில் யேசுல் சூப்பைத் தொடவே இல்லை.

"அப்படி என்னத்தடி பாத்த?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நின்னு போயிடும்."

"நிக்கணும்னுதானே கேக்குறேன்!"

"அதான் சொல்ல மாட்டேங்கிறேன்."

மறுநாள் மகளை இழுத்துக்கொண்டு கைபேசிக் கடைக்குப் போனார். வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் காசு கட்டினார்.

"பிள்ளைய எனக்குப் பத்திரமாத் திருப்பிக் குடும்மா. அவளுக்கு யாரு இந்த விஷத்த ஊட்டுறான்னு தெரியணும். ஆள் பூசான்ல இருந்தா இன்னிக்கே போய் ரெண்டு வார்த்தை கேப்பேன்."

கடைப்பெண் யேசுலின் கைபேசியில் முழுப் பதிவையும் திறந்தாள். திரையைப் பார்த்தாள். தோக்மனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். யேசுல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா, ரொம்ப மோசமா?"

"மீனை அடிச்சுக்கிட்டே திட்டுறது நீங்கதான், யேசுல் அப்பா. முயல்வால்னு ஒரு பேர்ல தினமும் உங்களுக்கு இதயம் போனதும் இந்தக் கைபேசிலேர்ந்துதான்."