தேனீக்களிடம் பொய் சொல்லக் கூடாது

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. எங்கள் ஊர்த் தேவாலயத்து மணிமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். போன தடவை நான் சத்தியம் செய்த அன்றுதான் அந்த மணி விரிசல் விட்டது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொறாமைக்காரர்கள். அது தற்செயல்.

எங்கள் கீழ் திசில்கூம் கிராமத்தில் அம்ப்ரோஸ் டாப்ஸ்காட் என்று ஒருவர் இருந்தார். வேலி வெட்டுவது தொழில். ஐம்பத்திரண்டு வயது. வாழ்க்கையில் சந்தை வரைக்கும் போயிருக்கிறார். அதற்கு அப்பால் உலகம் இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டதோடு சரி. அவர் மனைவி டோர்காஸ். அவளும் ஐம்பதைத் தொட்டவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சாவதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும். கடல் எங்களுக்கு முப்பது மைல். அவள் கேட்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடமாக அந்த முப்பது மைல் குறையவே இல்லை.

அந்த ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை, அம்ப்ரோஸ் முட்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தை உடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ். மைன்ஹெட் கடற்கரையில ரூம் சொல்லியாச்சு."

"யாருக்கு?"

"பாதிரியாருக்கு! கேக்குறான் பாரு கேள்வி. உனக்கும் எனக்கும்தான்."

"சனிக்கிழமை மேட்ச் இருக்கே டோர்காஸ்!"

"மேட்ச் வருஷா வருஷம் இருக்கு. கடலும் வருஷா வருஷம் இருக்கு. நான்தான் ஒரு வருஷமும் கடல்ல இல்ல."

மேட்ச் என்றால் ஸ்கிட்டில்ஸ். பப்பின் பின்கொட்டகையில் ஒன்பது கட்டைகளை நிறுத்தி, மர உருண்டையை உருட்டித் தள்ளுகிற விளையாட்டு. எங்களுக்கும் பக்கத்து ஊரான மேல் திசில்கூமுக்கும் வருடத்தில் இரண்டு சனிக்கிழமை. எங்கள் கேப்டன் அம்ப்ரோஸ். ஒன்பது வருடமாகக் கேப்டன். ஒன்பது வருடமாகத் தோல்வி. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது என்பார். கொட்டகைக்கு ஜன்னலே கிடையாது.

ஆனாலும் தான் இல்லாவிட்டால் கீழ் திசில்கூமின் மானம் கப்பலேறிவிடும் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"சரி, நான் வந்துட்டா தேனீங்ககிட்ட யாரு சேதி சொல்றது?" என்று தன் பழைய ஆயுதத்தை எடுத்தார்.

"ஒரு வாரம் அதுங்க சேதி கேக்காம இருந்தா என்ன, காது செவிடாயிடுமா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிடும் டோர்காஸ்! விளையாட்டா?"

விளையாட்டு இல்லைதான். எங்கள் பக்கத்தில் தேனீ வைத்திருக்கிற வீட்டில் எது நடந்தாலும் அதுகளிடம் சொல்லியாக வேண்டும். வாசல் சாவியால் தேனீப் பெட்டியை மூன்று தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தால் சொல்ல வேண்டும். கல்யாணம் என்றால் கேக்கில் ஒரு துண்டு வைக்க வேண்டும். சாவு விழுந்தால் பெட்டிக்குக் கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் கிளம்பிப் போய்விடும். பொய் சொன்னால் அதைவிட மோசம். அம்ப்ரோஸின் சித்தப்பா ஒருவர், தான் குடியை விட்டுவிட்டதாகத் தேனீக்களிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அத்தனையும் பறந்துபோய்ப் பப்பின் பெயர்ப்பலகையில் மொய்த்துக்கொண்டு, 'இங்கேதான் இருக்கிறான்' என்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தன. நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகையால் அம்ப்ரோஸ் யாரிடம் பொய் சொன்னாலும் தேனீக்களிடம் சொல்ல மாட்டார். தினமும் சாயங்காலம் மூன்று தட்டு. பிறகு ரகசியம்.

அந்த ரகசியத்தில் ஒரு சின்னச் சிக்கல். முப்பது வருடம் தேவாலய மணி அடித்ததில் அவருக்கு இடது காது அவுட். வலது காது பாதி. அவர் ரகசியம் பேசினால் மூன்று வயல் தள்ளி மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். எனவே தினமும் ஆறு மணிக்கு அவர் வேலிக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். ஸ்டூல்கூட வைத்திருந்தார்கள். லண்டன் பேப்பர் எங்களுக்கு மறுநாள்தான் வரும். அம்ப்ரோஸ் அன்றைக்கே வருவார். இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் மூச்சு விடவில்லை. நடக்கிற பேப்பரை யாராவது நிறுத்துவார்களா?

வியாழக்கிழமை மத்தியானம் அம்ப்ரோஸ் விழுந்தார். வயல் வேலியைத் தாண்டும் மரப்படியிலிருந்து, கீழே வைக்கோல் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு விழுந்தார். "முதுகு! முதுகு!" என்று கத்தினார். அவர் கோஷ்டியில் ஆடும் ஜாபெஸ் வென் அவரைத் தள்ளுவண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"எங்க வலிக்குது?" என்றாள் டோர்காஸ்.

"எங்க வலிக்கலன்னு கேளு."

"சரி, எங்க வலிக்கல?"

"நாக்குல." கொஞ்சம் யோசித்து, "ஆட்டுக்கறி பை ஏதாவது இருந்தா தின்ன முடியும்னு நெனக்கிறேன்" என்றார்.

தின்றார். இரண்டு பை. பிறகு கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டு, "கண்ணு, கடலுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக முடியலையேன்னுதான் எனக்கு மனசு வலிக்குது. முதுகுகூட அப்புறம்தான்" என்றார்.

டோர்காஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பரவாயில்ல ராசா. நீ படு. நான் போய்த் தபாலாபீஸ்லருந்து, வரலன்னு தந்தி குடுத்துட்டு வர்றேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததோ இல்லையோ, அம்ப்ரோஸ் கட்டிலிலிருந்து குதித்தார். ஆறு மணி ஆகிவிட்டது. சேதி சொல்ல வேண்டும். சாவியை எடுத்தார். தட், தட், தட்.

"பிள்ளைங்களா, நல்லாக் கேட்டுக்குங்க. என் முதுகுக்கு ஒண்ணுமில்ல. ஒரு சிராய்ப்பு கிடையாது. நாளைக்கு எட்டு மணி பஸ் போற வரைக்கும் வலி. மத்தியானம் கொஞ்சம் கொறையும். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எந்திரிச்சு மேட்சுக்குப் போயிடுவேன். என் பொஞ்சாதிகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தொப்பி போட்டிருந்தாள். தபாலாபீஸ் பக்கமே போகவில்லை.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ஜாபெஸ் வென் மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"என்ன பண்ணப்போற டோர்காஸ்?"

"பட்டாணி உரிக்கப்போறேன்" என்றாள். கடைசிப் பட்டாணி வரைக்கும் உரித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அம்ப்ரோஸ் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே தேனீப் பெட்டிகள். தட், தட், தட் என்று கேட்டது. தன் வேலையை வேறு யாரோ செய்கிறார்களே என்று நல்ல காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். டோர்காஸின் குரல். சந்தையில் கோழி விற்கிற குரல்.

"அம்மாமாருங்களே, ஒரு சேதி. என் புருஷன் முதுகு ரொம்ப வலிக்குதுன்னு சொல்றாரு. முதுகு வலிக்குத் தேனீக் கொடுக்கை விட மருந்து இல்லைன்னு பாதிரியார் சம்சாரம் சொல்றாங்க. தண்டுவடத்துக்கு இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. அதனால காலையில ஆறு மணிக்கு நாப்பது பேரு தயாரா இருங்க. சின்னஞ்சிறுசுங்க வேண்டாம். அனுபவசாலிங்களா வாங்க."

அம்ப்ரோஸின் முனகல் பாதியில் நின்றது.

"கொட்டினா உங்க உயிர் போயிடும்னு எனக்குத் தெரியும். அதுக்காக நாப்பது கறுப்பு ரிப்பன் இப்பவே வெட்டி வெச்சுட்டேன்."

ரிப்பன் வரைக்கும் வெட்டியாகிவிட்டது! மனிதர்களிடம் சொல்லியிருந்தால் மிரட்டல் என்று நினைத்திருப்பார். தேனீக்களிடம் சொல்லியிருக்கிறாளே! தேனீக்களிடம் யார் பொய் சொல்வார்கள்?

சாப்பாட்டின்போது, "வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு கண்ணு" என்று ஆரம்பித்துப் பார்த்தார்.

"அது ஏமாத்துற வலி. கொறஞ்ச மாதிரி காட்டிட்டு ஏறும். பேசாமப் படு."

மறுநாள் காலை ஆறு மணி. கதவு திறந்தது. டோர்காஸ் கையில் ஜாம் பாட்டில். பாட்டில் வாயில் மஸ்லின் துணி கட்டியிருந்தது. உள்ளே ஏதோ 'உர்ர்ர்' என்று கோபமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படு என் ராசா. மொதல் ஆளு வந்தாச்சு. மிச்சம் முப்பத்தொம்பது வரிசையில நிக்குது."

அம்ப்ரோஸ் குப்புறப் படுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் போனார். எங்கள் மாவட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிப் போனதில்லை. தேனீப் பெட்டிகளைத் தாண்டினார். பீன்ஸ் பந்தலைத் தாண்டினார். பன்றிக் கொட்டிலைத் தாண்டினார். ஐந்தடி வேலியை, இரவுச் சட்டை காற்றில் பறக்க, ஒரு கையை ஊன்றித் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினார்.

இறங்கிய இடத்தில் ஸ்டூல்கள் இருந்தன. ஸ்டூல்களில் ஆட்கள் இருந்தார்கள். ஜாபெஸ் வென், தபாலாபீஸ் அம்மாள், ஆட்டத்துக் கோஷ்டி மொத்தமும், பாதிரியாரும்கூட. காலைப் பதிப்பு என்று டோர்காஸ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

"முடவன் எழுந்து நடந்தான்!" என்றார் பாதிரியார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

"நடக்கலங்கய்யா, பறந்தாரு" என்றான் ஜாபெஸ்.

டோர்காஸ் பாட்டிலோடு வேலிக் கதவைத் திறந்துகொண்டு, அவசரமே இல்லாமல் வந்தாள்.

"வலி எங்க அம்ப்ரோஸ்?"

"போயிடுச்சு! இப்பத்தான்!"

"சுத்தமாவா?"

"சுத்தமா!"

"மறுபடி வருமா?"

பாட்டில் உறுமியது.

"ஜென்மத்துக்கும் வராது!"

"பாதிரியாரய்யா, கேட்டுக்கிட்டீங்களா? நீங்கதான் சாட்சி." அவள் திரும்பினாள். "அப்ப சரி. கால்சட்டையைப் போட்டுக்க. எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பணும்."

பயணப் பெட்டி இரண்டும் ஏற்கெனவே வாசலில் இருந்தன. ஜாபெஸ் ஒரே கையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டமாக ஓடினான். அங்கே போய்ச் சேர்ந்ததும் அம்ப்ரோஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஜாபெஸ், மேட்ச்?" என்றார்.

"நீங்க மனசத் தளர விடாதீங்க கேப்டன். எப்படியோ சமாளிச்சுக்கிறோம்." அவன் கண்ணிலும் தண்ணீர். அம்ப்ரோஸ் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஐந்து மைல் வரைக்கும் அவர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவது மைலில், "நெஜமாவே நாப்பது கொட்டு கொட்ட விட்டிருப்பியா டோர்காஸ்?" என்றார்.

டோர்காஸ் மடியிலிருந்த பாட்டிலின் துணியை அவிழ்த்தாள். குண்டாக ஒரே ஒரு தேனீ வெளியே வந்து, ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டு உர்ரென்றது.

"நல்லாப் பாரு. ஆம்பளத் தேனீ. கொடுக்கு கிடையாது. சத்தம் மட்டும்தான்." ஜன்னலைத் திறந்து அதை வெளியே விட்டாள். "நம்ம வீட்டுல இல்லாததா?"

"அப்ப தேனீங்ககிட்டப் பொய் சொன்னியா!"

"எங்க சொன்னேன்? நீ வலின்னு சொன்ன, அதைச் சொன்னேன். பாதிரியார் சம்சாரம் வைத்தியம் சொன்னாங்க; அதைச் சொன்னேன். தயாரா இருங்கன்னேன். வாங்கன்னேன். அதுங்க வரல. ரிப்பன் பெட்டியில இருக்கு, வேணும்னா எண்ணிக்க."

கடல் வந்தது. டோர்காஸ் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை தண்ணீரில் நின்றாள். ஒரு மணி நேரம் பேசவில்லை. அவளை அப்படி ஒரு மணி நேரம் பேசாமல் அம்ப்ரோஸ் பார்த்ததே இல்லை. பயந்துபோய், பக்கத்தில் போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடவில்லை. இதை மட்டும் நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆனால் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மனிதர் உடைந்துபோனார். பெஞ்சில் உட்கார்ந்து, கடற்கரைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக உருட்டினார். "பாவம், பசங்க. தலை இல்லாத முண்டம் மாதிரி தடுமாறுவாங்க. என் பேரைச் சொல்லி அழுவாங்க" என்றார். டோர்காஸ் அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு தபால் கார்டு வந்தது. அம்ப்ரோஸ் அதை டோர்காஸிடம் நீட்டினார். "என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பாங்க. நீயே படி" என்று கண்ணை மூடிக்கொண்டார். டோர்காஸ் படித்தாள்.

"கேப்டன் அவர்களுக்கு. நாம் ஜெயித்துவிட்டோம். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வருகிற சனிக்கிழமை அவர்கள் ஊரில் மறு ஆட்டம். தாங்கள் தயவுசெய்து இன்னொரு வாரம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளவும். இப்படிக்கு, தங்கள் ஆட்டக்காரர்கள் அனைவரும்."

அம்ப்ரோஸ் கண்ணைத் திறந்தார். கடலைப் பார்த்தார். பிறகு டோர்காஸைப் பார்த்தார்.

"அதுக்கென்ன," என்றாள் அவள், கார்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே. "நான் மொதல்லயே ரெண்டு வாரத்துக்குத்தான் ரூம் சொல்லியிருக்கேன்."

கதை அவ்வளவுதான். எங்கே கேட்டீர்கள் என்று யாராவது விசாரித்தால் பப்பில் கேட்டேன், சந்தையில் கேட்டேன் என்று எதையாவது சொல்லுங்கள். என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள். அந்தக் கார்டில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எழுதிய கை யாருடையது என்று அம்ப்ரோஸ் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நான் இந்தக் கதையை வாயால் மட்டும் சொல்கிறேன், எங்கள் ஊரில் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை.