மைனஸ் போட்ட கல்யாண மெயில்

வேடசந்தூர் பக்கத்து நூல்மில்களில் மவுஸைத் தொடாமலே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மைனஸ்தான். எங்கள் மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேசையில் இருந்த மவுஸ், காகிதம் பறக்காமல் இருக்க மட்டும் பயன்பட்டது.

நாங்களெல்லாம் பட்டனைத் தேடித் தேடி மெயில் அனுப்புவோம். மைனஸ் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்து அனுப்பிவிடுவார். அடிக்கும்போது, "மைனஸ் எஸ்... மைனஸ் சி..." என்று வாய்விட்டுச் சொல்வார். எஸ் என்றால் தலைப்பு, சி என்றால் நகல், ஏ என்றால் இணைப்பு. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவர் மெயிலில் தலைப்பு மட்டும்தான் இருக்கும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, உள்ள ஒண்ணுமே எழுத மாட்டியா?"

"சர்வர் படுத்திருச்சுன்னு மேலயே சொல்லிட்டேன்ல சார். உள்ள வேற அழணுமா?"

நாற்பதைத் தாண்டிய மைனஸுக்குச் சின்னாளப்பட்டியில் பெண் அமைந்தது. எங்கள் பக்கம் நேரில் வந்து பத்திரிகை வைக்காவிட்டால் கூடப்பிறந்தவனே கல்யாணத்துக்கு வரமாட்டான். மைனஸ் மெயிலில் அழைத்தார். அதிசயமாக உள்ளேயும் எழுதியிருந்தார்.

"எனக்கு அப்பா அம்மா இல்லை. மாப்பிள்ளை பக்கம் நாலு பேர்கூட வராத ஆளுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று மாமனார் யோசிக்கிறார். புதன்கிழமை காலை சர்ச்சுக்கு வந்துவிடவும்."

மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். மெயிலில் வேறு யார் பெயரும் இல்லை. இத்தனை பேர் இருக்கும் ஆபீஸில் என்னை மட்டும் கூப்பிட்டிருக்கிறாரே! மற்றவர்கள் மனம் நோகக் கூடாதென்று நான் மூச்சுவிடவில்லை. பல்வலி என்று லீவு கேட்டேன். மேனேஜர் ஏதோ யோசனையில் உடனே சரியென்றார்.

புதன்கிழமை சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கவுண்ட்ஸ் அருள்மேரியைப் பார்த்தேன். அவருக்கு அன்று கடுமையான காய்ச்சல். பக்கத்தில் ஸ்டோர் கீப்பர். அவருடைய பெரியப்பா காலையில்தான் இறந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் பாதி ஆபீஸ். கடைசியாகப் பட்டுவேட்டியில் மேனேஜர் வந்தார். கண் பரிசோதனைக்கு மதுரை போயிருந்தவர்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றார்.

"பரவால்ல சார். கண்ணு?"

"நல்லாத் தெரியுது."

மாமனார் வாசலில் திகைத்து நின்றார். "மாப்ள, இம்புட்டுப் பேரும் நம்ம ஆளுகளா?"

"ஆமா மாமா. மைனஸ் பி போட்டேன். யாருக்கெல்லாம் போச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"அத ஏங்க மறைச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"சி போட்டா யார் பேரு முன்ன, யார் பேரு பின்னன்னு சடைவு வரும்ல அப்பு?"

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு அண்டா சோறு வடிக்கச் சொல்லி ஆளை விரட்டினார். நான் மைனஸின் கையைப் பிடித்து வாழ்த்தினேன். மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும், அவருக்கென்று நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று நினைத்துத் திரிந்த அந்தச் சில நாட்களை இன்றுவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.