காற்று வராது என்று நான் சொன்ன நாள்

கூச்சப்படுகிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்கும் வரை ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் 'இன்று பேசியே தீருவது' என்று அவன் முடிவெடுக்கிறான் பாருங்கள், அன்றைக்குத்தான் மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஊர்ப்பெயரை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். (பாப்பாரப்பட்டி கொஞ்சம் நீளமான பெயர்தானே!) இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் சுகன்யாவுக்கு வந்த முதல் வரன் அந்த நினைப்பைக் கெடுத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் "வாங்க", "காப்பி குடிங்க" என்ற இரண்டு பேச்சோடு நிறுத்திக்கொண்டேன். ஊருக்குப் போய், "பெண்ணின் அப்பாவுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இஷ்டமில்லையா! அந்தப் பையனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தை மாதம் இரண்டாவது வரன் வந்தது. கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பையன் அரூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சுகன்யா 'சரியாகப் பார்க்கவில்லை' என்று பையனின் போட்டோவை மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்தாள். என் மனைவி மாதம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

"இங்க பாருங்க, இந்த வாட்டியும் நீங்க ஊமையாட்டம் உக்காந்தீங்கன்னா, நானே வேட்டிய கட்டிக்கிட்டு பொண்ணோட அப்பான்னு வந்து உக்காந்துக்குவேன்."

"என்னா பேசறதுன்னு தெரியலியே..."

"என்னமோ பேசுங்க. மழ, காத்துன்னு பேச ஒன்னுமா இல்ல?"

மழை, காற்று! எனக்கு வழி பிறந்துவிட்டது. சாயந்திரமே போனை எடுத்துக் காற்றைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கும் புரிகிற மாதிரி, கண்ணாடி போட்ட ஒருவர் நிதானமாகச் சொன்னார். மேகத்துக்கும் மேலே, விமானம் பறப்பதற்கும் மேலே, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் ஒரு காற்று இருக்கிறதாம். குளிர்காலத்தில் அது வடதுருவத்தைச் சுற்றிப் பம்பரம் மாதிரி சுழலுமாம். பம்பரம் நன்றாகச் சுற்றினால் குளிர் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். சில வருடங்களில் அந்த மேல் அடுக்கு திடீரென்று சூடாகும், பம்பரம் தளர்ந்து தள்ளாடும். "இப்போது அப்படித்தான் தளர்ந்திருக்கிறது. இதனால் கீழே என்ன ஆகும் என்றால்..." என்றார். அந்த இடத்தில் என் நெட் தீர்ந்துபோனது.

மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். மேல் தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் கீழே குழாயில் வருமா? மேலேயே காற்று தளர்ந்துவிட்டால் கீழே எங்கிருந்து வரும்? இன்னும் பதினைந்து நாளைக்குக் காற்றே கிடையாது!

தை மாதத்தில் காலையில் பனி மூடிக் கிடக்கும், பத்து பத்தரைக்கு வெயில் ஏறியதும் காற்று கிளம்பும். இது எங்கள் ஊர் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். முப்பது வருடம் ராகி தூற்றிய எனக்கு மட்டும் அரை வீடியோவில் மறந்துவிட்டது.

அவர்கள் வருகிற நாளன்று எங்கள் வீட்டு வாசல் களத்தில், டிராக்டர் விட்டு மிதித்த ராகி தூசியோடு ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மறுநாள் தூற்றுவதாக இருந்தோம். அதை மூடுவதற்காக மாதம்மாள் தார்ப்பாயை இழுத்து வந்தாள்.

"அத எதுக்கு மூடற? காத்தே வராது. வந்தவங்களுக்கு நெழலுக்குக் கட்டலாம், குடு."

"காத்து வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"மேல நெலம சரியில்ல," என்றேன். (இவ்வளவு கம்பீரமாக நான் அவளிடம் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.)

தென்னைக்கும் மாட்டுக்கொட்டாய்த் தூணுக்கும் நடுவே தார்ப்பாயைக் கட்டி, அதன் அடியில் நாற்காலி போட்டேன். ராகிக் குவியல் அங்கிருந்து சரியாக வடகிழக்கில் இருந்தது. வாடைக்காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து மணிக்குப் பையனும் அப்பா அம்மாவும் வந்தார்கள். பையனின் அப்பா சலவைச் சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்தார். குவியலைப் பார்த்தார்.

"ராகி தூத்தாம கெடக்குதே. காத்து வர்ற நேரமாச்சுங்களே?"

"வராதுங்க," என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆரம்பித்தேன். துருவம், பம்பரம், முப்பது கிலோமீட்டர், மேல்தொட்டி, குழாய், எதையும் விடவில்லை. மாதம்மாள் நிலைப்படியில் நின்று, யாரோ வேறு ஒருவரின் புருஷனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். சுகன்யா காப்பித் தட்டோடு வந்தாள். நான் கையை உயர்த்தி, "அதனால பதினஞ்சு நாளைக்கு ஒரு எலகூட ஆடாதுங்க!" என்று முடித்தேன்.

தலைக்கு மேலே தார்ப்பாய் 'பட்' என்று ஒரு அடி அடித்தது.

அடுத்த நிமிஷம் குவியலின் மேல்பாதி எழுந்து எங்களிடம் வந்துவிட்டது. காப்பியில் ஏடு மாதிரி தூசி படிந்தது. பையனின் அப்பா சட்டை ராகி மாவில் புரட்டிய மாதிரி ஆனது. எல்லோரும் தும்மினார்கள், கழுத்தைச் சொறிந்தார்கள். ராகித் தூசியின் சுணை பட்டால் குளித்தால்தான் தீரும். தார்ப்பாயின் கயிறு அவிழ்ந்து அது முழுசாக என்மேல் விழுந்தது.

உண்மையைச் சொன்னால், கல்யாணம் முடிகிற வரை அதற்குள்ளேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இனிமேல் கல்யாணம் ஏது? முதல் வரனைப் பேசாமல் கெடுத்தேன், இதைப் பேசிக் கெடுத்தேன். இருட்டுக்குள் உட்கார்ந்து, போட்டோவை மூன்று தடவை வாங்கிப் பார்த்த என் மகளை நினைத்துக்கொண்டேன்.

அப்போது வெளியே பையனின் அம்மா குரல் கேட்டது.

"அய்யோ, எவ்ளோ நல்ல காத்து, வீணாப் போவுதே! ஏம்மா பொண்ணு, மொறம் எங்க வெச்சிருக்கீங்க?"

"சேலை அழுக்காயிரும்க்கா," என்று மாதம்மாள் பதறினாள்.

"இனிமே அழுக்காவ என்னா இருக்குது? டேய், கூடைய எடுத்து அள்ளிக் குடுறா!"

நான் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது, அந்த அம்மா தலையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு முக்காலிமேல் ஏறி நின்று முறத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். பையன் பேன்ட்டை மடித்துவிட்டு அள்ளிக் கொடுத்தான். சுகன்யா கையில் தட்டு போய் விளக்குமாறு வந்திருந்தது. விழுகிற ராகியை ஓரத்திலிருந்து கூட்டிச் சேர்த்தாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பையன் சிரித்தான். பட்டுப்புடவையில் விளக்குமாறோடு என் மகளும் சிரித்தாள்.

பையனின் அப்பா முதுகைத் தென்னைமரத்தில் தேய்த்தபடி என்னிடம் கேட்டார்.

"மேல எவ்ளோ தூரம்னு சொன்னீங்க?"

"முப்பது கிலோமீட்டருங்க."

"நம்ம தருமபுரிக்கு இன்னும் தகவல் வந்து சேரல போல இருக்குது."

(அவர் சொன்னது பாதி சரி. அன்று மாலை சுகன்யா வீடியோவின் பின்பாதியைப் போட்டுக் காட்டினாள். மேலே தளர்ந்தது கீழே இறங்கி வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகுமாம். வந்தாலும் காற்று நிற்காது, தடம் மாறி எங்கோ ஐரோப்பாப் பக்கம் குளிரைக் கொட்டுமாம். "நம்ம களத்துல பத்து மணிக்குக் கெளம்பறது வெயில்ல தரை சூடாவறதால வர்ற காத்துப்பா," என்றாள்.)

மத்தியானத்துக்குள் குவியல் முழுவதும் தூற்றி முடிந்தது. எல்லோரும் பம்பு செட்டில் குளித்தார்கள். பையனின் அப்பா என் வேட்டியைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அண்ணா, எங்க வூட்டுக்காரரும் அதிகமாப் பேச மாட்டாரு. உங்களையாட்டம் கலகலன்னு பேசற சம்பந்திதான் எங்களுக்கு வேணும்," என்றார். மாதம்மாளுக்குப் புரையேறியது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இப்போது ஒவ்வொரு தையிலும் கம்பைநல்லூரிலிருந்து போன் வரும். சம்பந்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "களத்துல எல்லாம் தயாரா நிக்கறோம் சம்பந்தி, சொல்லுங்க," என்பார். அந்தப் பக்கம் என் மகள் சிரிப்பை அடக்குவது கேட்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு காத்து வராதுங்க," என்பேன். உடனே சம்பந்தியம்மா, "மொறத்த எடுங்க!" என்று கத்துவார்.

இதுவரை ஒரு தடவைகூட நான் சொன்னது பலித்ததில்லை.